டிரிக்கி என்கிற பேர்

போன மாதம் முட்டி வலி தாங்காமல் ஓசூரில் ஒரு டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்க வயசுக்கு ஆபரேஷன் கொஞ்சம் டிரிக்கிதான்ம்மா" என்றார். திரும்பி வரும்போது ஆட்டோக்காரர், "சிப்காட் சிக்னல் இந்நேரத்துக்கு டிரிக்கி மேடம், உள்ளால போயிரலாம்" என்றார். வீட்டுக்கு வந்தால் மகள் லேப்டாப்பைத் திறந்துவைத்து யாரோ ஒரு மேனேஜரைப் பற்றி, "அந்தாளு ரொம்ப டிரிக்கி, மெயில்ல ஒண்ணு சொல்வான், மீட்டிங்ல ஒண்ணு சொல்வான்" என்று பேசிக்கொண்டிருந்தாள். கஷ்டமான ஆபரேஷனுக்கும் அதே சொல், சிக்கிக்கொள்ளும் சிக்னலுக்கும் அதே சொல், நம்ப முடியாத மனுஷனுக்கும் அதே சொல். ஒரே சட்டையை வீட்டில் எல்லோரும் போட்டுக்கொள்வது மாதிரி.

உங்களுக்கெல்லாம் அது காதில் விழுந்து அப்படியே போய்விடும். நம் வயதுக்காரர்கள் பாதிப்பேர் இன்று இங்கிலீஷ் பேசும் பிள்ளைகளுக்கு நடுவில்தானே இருக்கிறோம். எனக்கு மட்டும் அந்தச் சொல்லைக் கேட்டாலே ஒரு அலுப்பு. போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருக்கும். எங்கள் வீட்டில் அது ஒரு மனுஷியின் பேராக இருந்தது. என் அத்தையின் பேர்.

அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் வந்த மார்கழி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் நாலாவதோ ஐந்தாவதோ படித்துக்கொண்டிருந்தேன். கம்பெனிகள் வருவதற்காக எங்கள் மேட்டு நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். அதற்காக யாரும் மாரடித்து அழவில்லை, சொல்லிவிடுகிறேன். கல்லுக்கு நடுவில் கொள்ளு முளைக்கும் நிலம் அது. வீட்டை ஒட்டிய கிணற்றுத் தோட்டம் எங்களுக்கே நின்றது. அதில் அவரை போட்டிருந்தார்கள். பனியில் நனைந்த அவரைக்காய்க்கு ஒரு வாசம் உண்டு, எண்ணெய் மாதிரி கையில் ஒட்டிக்கொள்ளும், சோப்புப் போட்டாலும் போகாது. அந்த மாதம் முழுக்க எங்கள் பள்ளிக்கூட நோட்டுகூட அந்த வாசம்தான் அடிக்கும்.

நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று சொல்லியிருந்தார்கள். ஒரு வீடு, ஒரு ஆள். எங்கள் வீட்டில் அப்பாவோடு சேர்த்து ஆண்கள் மூன்று பேர். பெரியப்பாதான் வீட்டுக்குத் தலை. அப்பா நடு. சித்தப்பா அவருக்கு இளையவர். மூவருக்கும் கீழே அத்தை, பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். மூன்று அண்ணன்களுக்கு ஒரே தங்கை என்றால் செல்லமாக வைத்திருப்பார்கள் என்று நினைப்பீர்கள். விடிந்தால் சாணி, பொழுது சாய்ந்தால் களி கிளறுவது, இடையில் பூக்கட்டுவது, இவ்வளவுதான் அவள் செல்லம்.

கம்பெனியிலிருந்து ஓர் ஆபீசர் வந்தார். மெட்ராஸ்காரர், பனிக்குக் காதில் மப்ளர் சுற்றியிருந்தார். எங்கள் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருள் சுற்றுகிற வேலை என்றார்.

"தலைமுடி கனம்தாங்க கம்பி. இழுத்தா அறுந்துரும், விட்டா தொளதொளன்னு ஆயிரும். கொஞ்சம் டிரிக்கியான வேலை. ஆம்பளையோ பொம்பளையோ, கை நிதானமா இருக்கணும், அவ்வளவுதான்."

"டிரிக்கின்னா என்னாங்க?" என்று சித்தப்பா கேட்டார்.

"பாக்கறதுக்கு சுளுவா இருக்கும், கை வெச்சா தெரியும்" என்று சிரித்தார் ஆபீசர்.

அவ்வளவுதான், அன்றிலிருந்து வீட்டில் எல்லாமே டிரிக்கி ஆகிவிட்டது. சுவிட்சை மூன்று முறை தட்டினால்தான் ஓடும் கிணற்று மோட்டார் டிரிக்கி. பால் முழுக்கக் கறந்த பிறகு சொம்பை உதைக்கும் மாடு டிரிக்கி. பெங்களூர் மார்க்கெட்டில் தராசைக் கட்டைவிரலால் அழுத்தும் மண்டிக்காரன் டிரிக்கி. வீட்டுக்குள் பாதித் தெலுங்கு, தோட்டத்துக்கு வரும் ஆட்களோடு கன்னடம் என்று ஏற்கெனவே மூன்று மொழியில் புழங்குகிற எங்களுக்கு நாலாவதில் ஒரு சொல் கிடைத்தது பெரிய வேடிக்கையாக இருந்தது. அத்தைகூடச் சிரித்துச் சிரித்துச் சொல்வாள், இந்த வெறகு டிரிக்கி, பத்தவே மாட்டேங்குது என்று.

யாரை வேலைக்கு அனுப்புவது என்ற பேச்சே எழவில்லை. சித்தப்பாதான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். சித்தப்பா நல்லவர்தான், ஆனால் தொரப்பள்ளிப் பக்கம் சீட்டாடப் போனால் மறுநாள் வருவார். ஒரு நாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அத்தை களி உருண்டையைத் தட்டில் வைத்துக்கொண்டே, "நான் போறன்" என்றாள்.

பெரியப்பா நிமிர்ந்தார். "எங்க?"

"கம்பெனிக்கி. பொம்பளையும் வரலாம்னு அவரே சொன்னாரில்ல."

"நாளைக்கி நீ ஒரு வூட்டுக்குப் போயிருவ. நம்ம நெலத்துக்கு வந்த வேலை எவன் வூட்டுக்கோ போறதா?"

"போனாதான அது? இப்போ இங்கதான இருக்கறன்."

பெரியப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். அத்தை அன்றைக்குச் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. அழவும் இல்லை. வேலையெல்லாம் செய்தாள், சாப்பாட்டுக்கு மட்டும் உட்காரவில்லை. அவள் கன்னம் ஒட்டிப்போனது எனக்குப் பயமாக இருந்தது. வேறொன்றும் கேட்டறியாதவள், அந்த வீட்டில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

கடைசியில் அப்பாதான் பேசினார். அப்பா பெரியப்பா முன்னால் உட்காரக்கூட மாட்டார், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றே பேசுவார். "நம்ம ஏண்ணா சண்ட போட்டுக்கறது. சாமிகிட்ட பூக்கட்டி கேட்டுரலாம்."

பெரியப்பா சரி என்று தலையாட்டினார். எங்கள் பக்கம் பெண் பார்ப்பது, கிணறு வெட்டுவது, பங்கு பிரிப்பது எல்லாவற்றுக்கும் பூக்கட்டிப் பார்ப்பதுதான். வாழை இலைத் துண்டில் ஒரு பொட்டலம் சிவப்புப் பூ, ஒரு பொட்டலம் வெள்ளைப் பூ. சாமி முன்னால் போட்டுவிட்டு ஒரு குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எடுத்ததைப் பிரிப்பார்கள். எடுக்காததைப் பிரிக்கக் கூடாது, கிணற்றில் போட்டுவிட வேண்டும். செவ்வரளி வந்தால் அத்தை, நந்தியாவட்டை வந்தால் சித்தப்பா என்று முடிவு செய்தார்கள். பொட்டலம் கட்டும் வேலையையும் அத்தைக்கே கொடுத்தார்கள். வீட்டில் பூ சம்பந்தப்பட்டது எதுவானாலும் அவள் தலையில்தான் விழும், அன்றைக்கும் யாருக்கும் வேறு யோசனை தோன்றவில்லை. எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று இப்போது தெரிகிறது.

முதல் நாள் சாயங்காலமே அத்தை இரண்டு பொட்டலமும் கட்டி, பூக்கூடையில் வைத்து, ஈரத்துணி போட்டு மூடி, கிணற்றுமேட்டில் வைத்துவிட்டாள். காலையில் கோயிலுக்குப் போனோம். வேப்பமரத்தடியில் மூன்று கல், ஒரு சூலம், அவ்வளவுதான் கோயில். பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பா கற்பூரம் காட்டிவிட்டு, "எடு கண்ணு" என்றார். குனிந்து கைக்கு அருகில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். பிரித்தார். சிவப்பு.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியப்பா அந்தப் பூவைக் கல்லின்மேல் வைத்துவிட்டு, "சரி, சாமி சொல்லிடிச்சி" என்றார். அப்பா அவசரமாக, "நான் இப்பவே போயி பேரை குடுத்துட்டு வந்துடறன்" என்று சைக்கிளை எடுத்தார். போகும்போதே அத்தையிடம், "அந்த இன்னொன்ன கெணத்துல போட்டுடு, மறந்துடாத" என்று கத்திவிட்டுப் போனார்.

அவள் மறந்துவிட்டாள். சந்தோஷத்தில் மறந்துவிட்டாள். வரும் வழியெல்லாம் என் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டு, காலில் செருப்பு இல்லாமல் அந்தப் பனித்தரையில் ஓடாத குறையாக நடந்துவந்தாள். இன்னொரு பொட்டலம் கிடந்த கூடையை அப்படியே மாட்டுக்கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டுக் களி கிளறப் போய்விட்டாள். இரண்டு நாள் பட்டினி கிடந்தவள் அன்றைக்கு எவ்வளவு சாப்பிட்டாள் என்று நினைக்கிறீர்கள்!

மறுநாள் பெரியம்மா கீரை பறிக்க அந்தக் கூடையை எடுத்தாள். சமையலறைக்கு வந்து, உள்ளே கிடந்த பொட்டலத்தைப் பார்த்து, முடிச்சை அவிழ்க்கக்கூடப் பொறுமையில்லாமல் இலையைக் கிழித்தாள். அடுப்பு முன்னால் செவ்வரளி கொட்டியது. ரெண்டும் சிவப்பு.

"அய்யோ, ரெண்டுலியும் செவப்பையே வெச்சிருக்கறா இவ! சாமிகிட்டயே டிரிக்கு பண்ணிருக்கறா!" என்று பெரியம்மா கத்திய கத்தில் பெரியப்பா ஓடிவந்தார். சித்தப்பா வந்தார். அப்பா வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார். எல்லோரும் பூவையே பார்த்தார்கள். கிழிந்த இலையோடு கிடந்த வாழை நாரை யாரும் பார்க்கவில்லை. அம்மா மட்டும் குனிந்து அதை எடுத்தாள். முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. ஒரு கணம் அதைப் பார்த்தாள், பிறகு அடுப்புக்குள் திணித்தாள். பச்சை நார், புகைந்து புகைந்துதான் எரிந்தது.

நான் அம்மாவின் முழங்கைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அது அத்தை போடும் பூ முடிச்சு இல்லை, அப்பா போடும் மூட்டை முடிச்சு. பெங்களூர் லாரியில் எல்லார் வீட்டு அவரையும் ஒன்றாகப் போகும். மார்க்கெட்டில் இறக்கும்போது எது யாருடையது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முடிச்சு உண்டு. எங்கள் வீட்டு மூட்டையை அப்பா மட்டும்தான் கட்டுவார், இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை மடித்து இடது பக்கம் உள்ளே செருகுவார். ஓர் இழுப்பில் அவிழ்ந்துவிடும். ஆனால் எனக்கு அதற்குமேல் ஒன்றும் ஓடவில்லை. வீட்டில் மூட்டை எதுவானாலும் கட்டுவது அப்பாதானே, இதையும் அவர் கட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"நான் ஒண்ணுல வெள்ளதான் வெச்சன்" என்று அத்தை சொன்னாள். ஒரே ஒரு முறைதான் சொன்னாள். சொல்லிவிட்டு அண்ணன்கள் மூவரையும் வரிசையாகப் பார்த்தாள். அப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி மறுபடியும் கட்டிக்கொண்டார்.

பெரியப்பா வேலையை மாற்றச் சொல்லிக் குதித்தார். "பேரை எழுதிட்டாங்கண்ணா, இப்போ போயி மாத்தச் சொன்னா ரெண்டும் இல்லாம போயிரும்" என்று அப்பா சொல்லிச் சமாளித்தார். வேலை அவளுக்கு நின்றது. அதோடு பேரும் நின்றது. முதலில் பெரியம்மா டிரிக்கி என்றாள், பிறகு பிள்ளைகள், பிறகு ஊர். டிரிக்கி வந்துட்டாளா, டிரிக்கிக்குச் சோறு வெச்சியா. மாட்டுக்கும் மோட்டாருக்கும் அந்தச் சொல் நின்றுபோய் அவளுக்கு மட்டும் ஆனது. எல்லோரையும்விடச் சத்தமாக அவளை அப்படிக் கூப்பிட்டது என் அம்மாதான். அந்த நாரை எரித்த கைக்காரி. இதை நினைத்தால் செத்துப்போன அம்மாமேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

அத்தை கம்பெனி பஸ்ஸில் போனாள், வந்தாள். நீலச் சேலை யூனிஃபார்ம், சின்ன எவர்சில்வர் டிபன் பாக்ஸ். கம்பி சுற்றிச் சுற்றி விரல் நுனியெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டது, கோலமாவை எடுத்தால் வழுக்கிக்கொண்டு விழும். அவள் சம்பளத்தில்தான் நான் காலேஜ் வரைக்கும் படித்தேன். சித்தப்பாவுக்குக் கல்யாணம் நடந்தது, போர் போட்டோம். வாங்கிக்கொள்ளும்போது யாரும் டிரிக்கி என்று சொல்லவில்லை.

சில வருஷம் கழித்துத் தளியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. முட்டைகோஸும் பூவும் போடுகிற குடும்பம், பையன் அமைதியானவன், அத்தைக்குப் பிடித்திருந்தது. தலை சீவும்போது தானாகச் சிரித்துக்கொண்டாள், நான் பார்த்தேன். பேச்சு முடியும் நேரத்தில் பையனின் மாமா அப்பாவைத் தனியாகக் கிணற்றுமேட்டுக்குக் கூட்டிப்போனார். நான் தண்ணீர்ச் சொம்போடு பின்னால் போனேன்.

"ஊர்ல ஒரு பேச்சு கேட்டோம். சாமிப் பூவையே மாத்துன பொண்ணுன்னு. நெஜமாங்க?"

அப்பா சொம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "அது பழைய கத, உடுங்க" என்றார்.

இல்லை என்று சொல்லவில்லை. இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவர்கள் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்றார்கள், சொல்லியனுப்பவில்லை. அதற்குப் பிறகு அத்தை எந்த மாப்பிள்ளைக்கும் சரி சொல்லவில்லை. ஓசூரில் பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள்.

அப்பாவை நான் மோசமானவர் என்று சொல்லவரவில்லை. அண்ணனை எதிர்த்துப் பேசத் தெரியாத ஆள், தங்கை பட்டினி கிடப்பதையும் பார்க்க முடியாத ஆள். அதனால் சாமியை நடுவில் இழுத்தார். விடியற்காலையில் லாரிக்கு மூட்டை கட்டக் கிணற்றுமேட்டுக்குப் போனவர் வெள்ளைப் பொட்டலத்தைப் பிரித்துச் சிவப்பை வைத்துத் தன் பழக்கத்தில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டார். அதுவரைக்கும் சரி. பிடிபட்டதும் பேசாமல் இருந்தார் பாருங்கள், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு மார்கழிக்கும் ஒரு மூட்டை அவரையைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் அத்தை வீட்டு வாசலில் வைத்துவிட்டு, உள்ளே போகாமல் திரும்பி வந்துவிடுவார். அம்மா அதற்கும் முணுமுணுப்பாள்.

இதெல்லாம் எனக்கு விளங்கியது அப்பா போன பிறகுதான். இந்த மார்கழியில் தோட்டத்தைக் குத்தகைக்குப் பார்க்கிறவர் அவரைக்காய் பறித்துக் கொடுத்தார். அத்தைக்கு அனுப்ப ஆளில்லையே என்று நானே ஒரு சின்ன மூட்டை கட்டினேன். கை தானாக இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை மடித்து, இடது பக்கம் செருகியது. அந்த முடிச்சைப் பார்த்ததும் அம்மா அடுப்பு முன்னால் குனிந்திருந்தது கண்ணில் வந்து நின்றது. அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

முட்டி வலியோடு அத்தை வீட்டு மாடிப்படி ஏறினேன். அத்தைக்கு இப்போது கண் மங்கல், காது நன்றாகவே இருக்கிறது. மூட்டையைத் தடவிப் பார்த்தாள். விரல் முடிச்சில் வந்து நின்றது.

"அந்த கத்திய எடு" என்றாள்.

"எதுக்கு அத்தே, ஒரு இழு இழுத்தா அவுந்துரும்."

"தெரியும். உங்கப்பன் முடிச்சு எனக்குத் தெரியாதா? நான் அவுக்க மாட்டன். அறுத்துதான் எடுப்பன். எப்பவும்."

நான் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "அத்தே, அந்தப் பூப் பொட்டலம்…"

"அதுவும் தெரியும். வெடியறதுக்கு முன்ன கெணத்துமேட்டுக்குப் போற ஆளு அந்த வூட்ல அவன் ஒருத்தன்தான."

"தெரிஞ்சா அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல? ஏன் சொல்லல நீங்க?"

"நான் என்னாத்துக்கு சொல்லணும்? அவன் சொல்லுவான்னு இருந்தன்." சேலை முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். "எனக்காகத்தான் பண்ணான், தெரியாதா எனக்கு. அதனாலதான் காட்டிக் குடுக்கல. அன்னிக்கே சொல்லுவான்னு பாத்தன். தளிக்காரங்க வந்தப்போ சொல்லுவான்னு பாத்தன். பெரியவரு செத்தப்புறமாவது சொல்லுவான்னு பாத்தன், இனிமே யாருக்கு பயப்படணும்? கடசியா ஆஸ்பத்திரியில பக்கத்துலியே குந்திகினு இருந்தன். கண்ண தொறந்து பாத்தான். மூட்ட வந்துச்சான்னு கேட்டான். வந்துச்சின்னு சொன்னன். அவ்ளோதான்."

அவர் சொல்ல வேண்டியதை யாராவது சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. "அப்பாதான் அத்தே மாத்தினாரு. நீங்க ஒண்ணும் பண்ணல. நீங்க டிரிக்கி இல்ல" என்று அழுதுகொண்டே சத்தமாகச் சொன்னேன்.

அத்தை கையை நீட்டி என் தலையைத் தொட்டாள். வழுக்கும் விரல்.

"நீ சொல்ற கண்ணு. அவன் சொல்லலையே."

என் கையிலிருந்து கத்தியை வாங்கி முடிச்சை அறுத்தாள். அவரைக்காய் தரையெல்லாம் கொட்டியது. இரண்டு பேரும் உட்கார்ந்து உரித்தோம்.